சென்னையிலிருந்து பலாலி: தூரம் குறைவு, நேரம் ஏன் குறையவில்லை?

பரங்கிமலை (கேள்வி):
எழுபது வயதைக் கடந்த என் தந்தையாரை யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கோ ஏறத்தாழ 645 கிலோமீட்டர். ஆனால் பயணச்சீட்டில் பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரமும் கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும் போட்டிருக்கிறார்கள். இது எதனால்? எந்த வழியில் செல்வது நல்லது?

திசைகாட்டி:
உங்கள் தூரக் கணக்கு சரியே. சென்னை விமான நிலையமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 80 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், 13 பாகை அட்சத்திலிருந்து 9.8 பாகையைக் கழித்து, பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினாலே விடை கிடைத்துவிடும். இவ்வளவு எளிதான கணக்கு எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

நேரம் குறையாததற்கு முதற்காரணம் விமானத்தின் வகை. கட்டுநாயக்கவுக்குச் செல்லும் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. பலாலிக்குச் செல்லும் ஏடிஆர் 72 விசிறி விமானத்தின் வேகம் 500 கிலோமீட்டரை ஒட்டியது. அந்த வேகத்தில் 355 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் கூடத் தேவையில்லை என்றாலும், பயணச்சீட்டில் குறிப்பது பறக்கும் நேரத்தை மட்டுமன்று. விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து, ஓடுபாதைக்குச் சென்று முறைக்குக் காத்திருந்து, மேலேறி, இறங்கி, மறுமுனையில் நிற்கும் வரையிலான முழு நேரமும் அதில் அடங்கும். இதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். தரையில் கழியும் நேரம் தூரத்தைப் பொறுத்துக் குறைவதில்லை. ஆகவே பயணம் குறுகக் குறுக மொத்த நேரத்தில் அதன் பங்கு பெருகும்.

வலிகாமத்தான்:
விமான நேரத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம், ஐயா. கட்டுநாயக்கவில் இறங்கினால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலை வழியாக ஏழு எட்டு மணி நேரம் ஆகும். தொடருந்தில் செல்வதென்றாலும் முதலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போக வேண்டும். பலாலியிலிருந்து யாழ். நகரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். உங்கள் தந்தையாரின் வயதை எண்ணினால் பலாலியைத் தவிர வேறு வழியைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இது புதிய வழித்தடமும் அன்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதற்சேவையை கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்கு நடத்தியது. போருக்குப் பின் 2019இல் மீண்டும் தொடங்கிய சேவை பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்பியது.

பரங்கிமலை:
விளக்கங்களுக்கு நன்றி. பலாலி என்றே முடிவு செய்கிறேன். கடிகாரத்தை மாற்ற வேண்டியிருக்குமா?

திசைகாட்டி:
வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. பன்னாட்டுப் பயணம் என்பதால் குடிவரவுச் சோதனைக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கம் வந்துவிடுங்கள். ஏடிஆர் சிறிய விமானம். எத்தனை கிலோ பொதி அனுமதி என்பதைப் பயணச்சீட்டில் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.