வாடகைத் தாய் முறைக்கு மலேசியாவில் தனிச் சட்டம் வேண்டுமா?

பினாங்கு வழக்கறிஞர்:
நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் 2006 வழிகாட்டி டாக்டர்களைக் கட்டுப்படுத்துமே தவிர, பிள்ளை யாருடையது என்று சொல்லாது. கருமுட்டையும் விந்தும் தம்பதியுடையதே ஆனாலும், பிறப்புப் பத்திரத்தில் பெற்றெடுத்தவர் பெயர்தான் தாயாக ஏறும். அவர் மணமானவர் என்றால் 1950 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு குறுக்கே வரும்: மணவாழ்வின்போது பிறக்கும் பிள்ளைக்கு அவருடைய கணவரே தகப்பன். இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். டிஎன்ஏ அறிக்கையோடு பதிவிலாகா கவுண்டருக்குப் போவதால் காரியம் நடக்காது. சட்டம் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ஐயா, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறதே. சமூக நல இலாகாவுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பிள்ளையைத் தொடர்ந்து 3 மாதமாவது வளர்க்க வேண்டும். பிறகு பெற்றவரின் சம்மதத்தோடு செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். ஆணை கிடைத்தால் பிள்ளை உங்கள் பிள்ளைதான். இதற்கு மேல் புதுச் சட்டம் கொண்டுவந்தால் ஏழைப் பெண்ணின் வயிற்றுக்கு விலை பேசத்தான் வழி பிறக்கும்.

பினாங்கு வழக்கறிஞர்:
அந்த 3 மாதத்தில் பெற்றவர் மனம் மாறினால்? ஒப்பந்தத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேட்க முடியாது. பொதுநலக் கொள்கைக்கு முரண் என்று 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் அது செல்லாமல் போகலாம். தம்பதி பிரிந்துவிட்டாலோ, பிள்ளை குறையோடு பிறந்தாலோ, பாரம் முழுவதும் பெற்றவள் தலையில்! நீங்கள் காக்க நினைக்கும் அதே பெண்தானே அக்கா? தத்தெடுப்புக்காகப் பணம் கொடுப்பதும் நீதிமன்ற அனுமதியில்லாமல் கூடாது. பரிசோதனைச் செலவும் விட்டுப்போன சம்பளமும் அந்தத் தடையில் சேருமா என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. சுமப்பவர் மணமாகாத வெளிநாட்டுப் பணிப்பெண் என்றால், பிள்ளை இங்கேயே பிறந்தாலும் அரசமைப்புச் சட்டம் தாயின் குடியுரிமை நிலையைத்தான் பார்க்கும். தத்தெடுப்பு ஆணை மட்டும் குடியுரிமை தராது. சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் 15A பிரிவின்கீழ் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பள்ளிக்கூட வயது வந்த பிறகும்.

கிள்ளான் தம்பி:
அண்ணே, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் தமிழ்நாட்டில் செய்துகொள்ளலாமா? தாய்லாந்து எப்படி?

பினாங்கு வழக்கறிஞர்:
தாய்லாந்து 2015 சட்டத்திலேயே வெளிநாட்டுத் தம்பதிகளுக்குக் கதவை மூடிவிட்டது, தம்பி. இந்தியாவின் 2021 சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. இந்திய வம்சாவளித் தம்பதிக்கு அங்குள்ள வாரியத்தின் பரிந்துரை வேண்டும். சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகி, சொந்தப் பிள்ளை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான், அதற்குக் கூலியும் வாங்கக்கூடாது. அவருக்கு 36 மாதக் காப்புறுதியும் எடுத்தாக வேண்டும். அங்கே பிள்ளை சட்டப்படி உங்களுடையது. நம் அதிகாரிகளும் அப்படியே ஏற்பார்கள் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் மலேசியத் தூதரகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
இந்தியச் சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதே என் பயத்துக்குக் காரணம். பணம் வாங்காமல் சுமக்க யார் வருவார்? வீட்டிலேயே வாயில்லாத பெண். மாமியாரும் மூத்த அண்ணியும் கேட்கும்போது, கணவன் சம்பளத்தில் வாழும் மருமகள் மாட்டேன் என்பாளா? ரத்த அழுத்தம், கர்ப்ப நீரிழிவு, சிசேரியன், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாம் அவளுக்கு. இரண்டு கரு வைத்து இரட்டையானால் ஆபத்து இன்னும் கூடும்.

பினாங்கு வழக்கறிஞர்:
அதையெல்லாம் சட்டத்திலேயே எழுதலாம். ஒரே ஒரு கரு. சுமப்பவருக்குத் தனி வழக்கறிஞர், செலவு தம்பதியுடையது. கரு வைக்கும் முன்பே நீதிமன்ற ஆணை, நீதிபதி அவரைத் தனியாக விசாரித்த பிறகு.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தனியாக விசாரிப்பது நல்லதுதான். ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்தால்? நம் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவில் தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்றால் டாக்டர் கருக்கலைப்பு செய்யலாம். அந்த முடிவு சுமப்பவருடையது, தம்பதிக்கு அதில் பேச்சே இல்லை என்று முதல் பிரிவிலேயே எழுதுங்கள். அது இல்லாத எந்த மசோதாவையும் நான் எதிர்ப்பேன்.