ரோயிங் மெஷினில் எடை குறையுமா? என் நான்கு மாத அனுபவம்

ஆவடிவாசி:
வயது 44. ஆரம்பிக்கும்போது 96 கிலோ, இப்போது 92. முழங்கால் வலி இருப்பதால் டிரெட்மில்லில் ஓட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஜிம்மில் ஒரு மூலையில் கான்செப்ட்2 கம்பெனியின் ரோயிங் மெஷின் (உட்கார்ந்தபடி துடுப்புப் போடுவது போல இழுக்கும் மெஷின்) சும்மா கிடந்தது. நான்கு மாதமாக வாரத்தில் 4 நாள், தினம் 30 நிமிடம் இழுக்கிறேன். முதல் வாரம் 8 நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. இப்போது 30 நிமிடத்தில் 6,000 மீட்டர், அதாவது 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 நொடி (2:30). ஆபீஸில் மூன்று மாடி ஏறிவிட்டு நிற்காமல் பேச முடிகிறது. தொப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் இதை எடுங்கள் என்று சொல்வேன். நடந்தாலே போதும் என்கிறார் என் தம்பி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மெரினா நடைக்காரர்:
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள் சார். 2:30 வேகத்தில் அரை மணி நேரம் இழுத்தால் அந்த மெஷினின் திரை காட்டுவது ஏறக்குறைய 330 கலோரி. அதில், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் பங்கும் அடக்கம். 250 கிராம் சோறு சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். நான்கு மாதத்தில் 64 நாள் போனீர்கள் என்றே வைப்போம், மொத்தம் 21,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 வேண்டும். எல்லாவற்றையும் மெஷின் பெயரிலேயே எழுதினாலும் 3 கிலோ வராது. ஆரம்பத்தில் உங்களுக்கு இந்த வேகமும் இருந்திருக்காது. மீதி எப்படிக் குறைந்தது? சாப்பாட்டில் என்ன மாற்றினீர்கள்?

ஆவடிவாசி:
நியாயமான கேள்வி. ராத்திரி நான்கு தோசையை இரண்டாக்கினேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று, அந்தத் திரை 79 கிலோ ஆளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. என் எடைக்குச் செலவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதே அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் இதில் பாதிதான் வரும். காலை 7:30-க்குக் கிளம்பி இரவு 8-க்கு வீடு திரும்புகிறவனுக்கு அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கிறது.

தென்றல் (பிசியோ):
நான் யார் பக்கமும் பேசவில்லை. இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். துடுப்பு வீரர்களுக்கு அதிகம் அடிபடும் இடமே கீழ் முதுகுதான். அவர்களுக்கே அப்படியென்றால், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு நேராக மெஷினில் ஏறுகிறவர்கள் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் காலால் தள்ள வேண்டும். கால் நீண்ட பிறகு உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். கை கடைசியில்தான் இழுக்கும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை, உடம்பு, கடைசியில் முழங்கால். கைப்பிடி முழங்காலைத் தாண்டுவதற்கு முன்பே முழங்காலை மடக்கினால், இடிக்காமல் இருக்கக் கைப்பிடியைத் தூக்கித் தாண்ட வைப்பீர்கள். கைப்பிடி அப்படி மேலே ஏறி இறங்கினாலே வரிசை தப்பு என்று அர்த்தம். முன்னால் வரும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு செங்குத்தாக நின்றால் போதும், அதற்கு மேல் மடக்காதீர்கள். முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு ஆழமாக மடக்குவது வலியைக் கூட்டலாம். அதனால் "முழங்கால் வலிக்கு ரோயிங்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன்.

இரவுப்பணி:
அக்கா, டாம்பரை எதில் வைக்க வேண்டும்? எங்கள் ஜிம்மில் டிரெயினரே 10-இல் வைத்து "நல்லா இழுங்க" என்றார். ஒரே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் குனிந்து செருப்புகூடப் போட முடியவில்லை.

தென்றல் (பிசியோ):
3 முதல் 5 வரை வையுங்கள் தம்பி. டாம்பர் என்பது சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை மாற்றும் லீவர்தான், சைக்கிள் கியர் மாதிரி. நீங்கள் வேகமாகத் தள்ளினால் 4-லும் கடுமையாகவே இருக்கும். நிமிடத்துக்கு 20, 22 இழுப்புக்கு மேல் இப்போது வேண்டாம். வலி முழுதாகப் போகும் வரை மெஷின் பக்கமே போகாதீர்கள்.

மெரினா நடைக்காரர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், தப்பாகச் செய்தால் இடுப்பு போகும், வீட்டில் வைக்க எட்டடி நீள இடம் வேண்டும். என் அம்மாவுக்கு 61 வயது. ஹவாய் செருப்போடு தினம் விடியற்காலையில் 45 நிமிடம் நடக்கிறார். மூன்று வருடத்தில் காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. விடாமல் செய்ய முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆவடிவாசி:
அம்மா செய்வது பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் நடையில் ஒரு அளவுக்கு மேல் கூட்ட முடிவதில்லை. இதில் 2:30-இலிருந்து 2:00-க்குப் போக வேண்டுமென்றால் 104 வாட் 203 ஆக வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உழைப்பு. மாதத்துக்கு ஒரு நொடி குறைந்தால்கூட எனக்குத் தெரிகிறது. காலையில் எழுந்ததும் பார்த்தால் நாடித்துடிப்பு 82-லிருந்து 71-க்கு வந்திருக்கிறது. அது தோசையைக் குறைத்ததால் மட்டும் வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மெரினா நடைக்காரர்:
சரி, மூச்சுக்கும் நெஞ்சுக்கும் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடை விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு, தட்டில் எதையும் மாற்றாமல் மெஷினை மட்டும் நம்பி ஒருவர் ஆரம்பிப்பார். இரண்டு மாதத்தில் எடை அசையவில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார். அந்தத் தோசைக் கணக்கை மேலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆவடிவாசி:
இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். தென்றல் மேடம், கைப்பிடி முழங்காலைத் தாண்டும் இடத்தில் நான் லேசாகத் தூக்குகிறேன் என்றுதான் தோன்றுகிறது. சனிக்கிழமை ஒரு வீடியோ எடுத்துப் போடட்டுமா?

தென்றல் (பிசியோ):
போடுங்கள். பக்கவாட்டில் இருந்து, முழங்காலும் இடுப்பும் தெரிகிற மாதிரி. களைப்பு வந்த பிறகுதான் தப்பு வெளியே வரும், அதனால் கடைசி ஐந்து நிமிடத்தை எடுங்கள்.