மறு: அக்யூட் கிட்னி இஞ்சுரி: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சிறுநீரகத்தின் வேலை சில மணி நேரத்திலோ சில நாளிலோ சட்டென்று குறைந்துபோவதைத்தான் அக்யூட் கிட்னி இஞ்சுரி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'கடுமையான சிறுநீரகக் காயம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, ஐயா?

வேண்டாம் அம்மா. காயம் என்றதும் அடிபட்டதோ வெட்டுப்பட்டதோ என்றுதான் கேட்பார்கள். எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயல்சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் (பக்கத்து வீட்டு மலையாளிக்கு எலிப்பனி) வந்து சிறுநீர் குறைந்துபோனால், அவருக்கு எங்கே அடிபட்டது? கடுமையும் சரிவராது. நோய் வேகமாக வருகிறது என்பதுதான் இங்கே செய்தி. இரண்டு நாளுக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே இந்தக் கணக்கில் வந்துவிடும். அந்த நிலையில் ஆள் நடமாடிக்கொண்டுகூட இருப்பார்.

> செயலிழப்பு பழகிய சொல்தானே?

பழகியதுதான், அதில்தான் ஆபத்தே. 'கிட்னி ஃபெயிலியர்' என்று காதில் விழுந்ததும், ஆயுள் முழுக்க டயாலிசிஸ், சொத்தெல்லாம் போகும் என்று வீட்டார் இடிந்துபோகிறார்கள். வயிற்றுப்போக்கில் நீர் வற்றியோ, கண்ணாடி விரியன் கடித்தோ, பிரசவத்தில் ரத்தம் போயோ வரும் இந்த நிலையில், நேரத்தோடு கவனித்தால் பலருக்குச் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும். மருத்துவர்களே ஃபெயிலியரை விட்டு இஞ்சுரிக்கு மாறியது, முழுக்க நிற்கும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான்.

ஆகவே என் பரிந்துரை: திடீர் சிறுநீரகப் பழுது. பழுது என்றால் சரிசெய்ய வழியுண்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது. இயந்திரத்துக்குத்தானே அந்தச் சொல் என்று கேட்கலாம். கண் பழுது, கால் பழுது என்று உடம்புக்கும் சொல்லித்தான் வருகிறோம். 'நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பதோடும் குழம்பாது.

ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் பேர் இதில் இறப்பதாக ஒரு மதிப்பீடு, பெரும்பாலும் ஏழை நாடுகளில். தடுக்கக்கூடிய சாவு 2025க்குள் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கம் 2013இல் இலக்கு வைத்தது. அந்த ஆண்டும் போய்விட்டது, சாவு நிற்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல், காலத்தில் விஷமுறிவு மருந்து, வலி மாத்திரையை நிறுத்துவது, சிறுநீரை அளந்து பார்ப்பது: பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடியவை பல. ஊர்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர் ஒரு வீட்டு வாசலில் நின்று சொன்னால் புரிய வேண்டும், பயமுறுத்தக் கூடாது. சொல்லை அங்கே வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அப்புறம், பெரிட்டோனியல் டயாலிசிஸ், அதாவது வயிற்றுக்குள் கரைசலை விட்டு எடுத்து ரத்தத்தின் கழிவை நீக்கும் முறை. பெரிய இயந்திரம் இல்லாத சிறிய ஆஸ்பத்திரியிலும் கைகொடுப்பது அதுதான். 'வயிற்றுவழி டயாலிசிஸ்' போதுமா, டயாலிசிஸுக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமா? எனக்கு முதலாவதே போதும் என்று படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.