கூலிங் டவரின் இரும்புச் சட்டத்துக்குத் துத்தநாகம் தெளித்தாகிவிட்டது (புதுப்பிப்பு)

கப்பலூரில் எங்கள் சாயப்பட்டறையின் கூலிங் டவரைத் (சூடான தண்ணீரைக் குளிரவைக்கும் கோபுரம்) தாங்கும் இரும்புச் சட்டம் எத்தனை முறை பெயின்ட் அடித்தும் துருப்பிடிக்கிறதே, மெட்டல் ஸ்பிரே (உருக்கிய உலோகத்தைத் தெளிப்பது) சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

கால்வனைசிங் செய்யச் சொன்னவர்களுக்கு: அதற்குச் சட்டம் முழுவதையும் கழற்ற வேண்டும். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கினால் மெல்லிய தகடுகள் கோணிக்கொள்ளவும் கூடும். தெளிப்பில் இரண்டு துத்தநாகக் கம்பிகள் துப்பாக்கி முனையில் மின்பொறியில் உருகி, அழுத்தக் காற்றில் துளிகளாகப் போய் ஒட்டுகின்றன. இரும்பு அவ்வளவாகச் சூடாவதில்லை.

பெரிய வேலை பிளாஸ்டிங்தான் (துகள்களை வேகமாக அடித்துத் துருவையும் பழைய பெயின்டையும் நீக்குவது). மணல் வேண்டாம், ஸ்டீல் கிரிட்தான் (எஃகுத் துகள்) என்று பிடிவாதமாக நின்றேன். மணல் தூசி நுரையீரலுக்கு எமன். பிளாஸ்ட் செய்த இரும்பைக் காத்திருக்க விடக் கூடாது, சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும். மேகம் கூடிய ஒரு மாலையில் ஒப்பந்தக்காரர் "நாளைக்கு அடிச்சுக்கலாம் சார்" என்றார். சரி, ஆனால் காலையில் மறுபடி பிளாஸ்ட் செய்த பிறகுதான் என்றேன். முகம் சுருங்கியது, செய்தார்.

பூச்சு 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) தடிமனாகக் கேட்டிருந்தோம். ஆங்கிளின் (L வடிவ இரும்பின்) உள்மூலைகளில் துப்பாக்கியை நேராகப் பிடிக்க இடமில்லாததால் குறைந்தது. திரும்ப அடிக்க வைத்தோம். பூச்சில் நுண்துளைகள் இருக்கும் என்பதால் மேலே சீலர் (துளைகளை அடைக்கும் பூச்சு).

சாயத் தொட்டியின் உட்புறத்துக்கும் அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். துத்தநாகத்தை அமிலமும் கடும் காரமும் அரித்துவிடும், பதிலுக்கு அலுமினியம் தெளித்தாலும் காஸ்டிக் (கடும் காரம்) ஆகாது.

செலவு பெயின்டைவிட நல்லாவே கூடுதல். கீறல் விழுந்தாலும் துத்தநாகம்தான் முதலில் அரிபடும், இரும்பு தப்பிக்கும் என்றதும் முதலாளி சம்மதித்தார். போல்ட்டுகளை மட்டும் கால்வனைஸ் செய்தவையாக மாற்றிவிட்டோம்.