லூக்கா 15: பிரசங்கத்தை எங்கே நிறுத்துவது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு வேதத்தில் லூக்கா சுவிசேஷம் 15-ம் அதிகாரத்திலிருந்து பிரசங்கிக்க வேண்டும், ஒரு ஆலோசனை தேவை. பெரும்பாலும், சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய குமாரன் தகப்பனிடம் திரும்பி வந்ததோடு முடித்துவிடுகிறார்கள், ஆனால் முதல் இரண்டு வசனங்களில், இயேசு பாவிகளை ஏற்றுக்கொள்கிறார் என்று யூத மதத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்லத்தானே இயேசு காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, குமாரன் என்று மூன்று உவமைகளையும் சொல்கிறார், அப்படிப் பார்த்தால் தம்பிக்கு விருந்து வைத்ததால் கோபப்பட்டு வீட்டுக்குள் வர மனதில்லாத மூத்த குமாரன்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. தகப்பனே வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று வேதம் சொல்லவில்லை. பிரசங்கத்தையும் அப்படியே விட்டுவிடலாமா, இல்லை கேட்கிறவர்களுக்கு மனந்திரும்ப அழைப்பு கொடுத்து முடிப்பதுதான் சரியா? அப்புறம், மூன்று உவமைகளையும் தொட்டால் மையக்கருத்து சிதறிவிடுமோ? குறிப்பை அதிகம் பார்க்காமல் பேசுகிறவர்கள் தாளில் எதை மட்டும் எழுதி வைத்துக்கொள்வீர்கள் என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.