துரை நாற்காலிக்கு எதைப் பார்த்து விலை கேட்பது? ஜார்ஜ் டவுன் ஏலப் பட்டியல் குறித்து ஒரு விவாதம்

செந்தூல்வாசி:

பினாங்கு ஜார்ஜ் டவுனில் இம்மாத இறுதியில் நடைபெறவிருக்கும் ஏலத்தின் பட்டியல் கைக்கு வந்தது. நாற்காலி, பெஞ்சு, தோட்ட இருக்கை என்று உட்காருவதற்கானவை மட்டுமே பதினான்கு உருப்படிகள். அவற்றுள் 23ஆம் உருப்படிக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். "துரை நாற்காலி, தேக்கும் பிரம்பும், சுமார் 1910, பேராக் ரப்பர் தோட்டப் பங்களா ஒன்றிலிருந்து" என்று ஒரே வரியில் வருணித்து, 1,800 முதல் 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரை மதிப்பீடு போட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இருக்கை தாழ்வாகவும் பின்பக்கம் நன்றாகச் சரிந்தும் இருக்கும். இரு கைப்பிடிகளுக்கும் அடியில் மடங்கிக் கிடக்கும் பலகைகளை முன்னே சுழற்றி நீட்டினால், தோட்டத்தைச் சுற்றி வந்த துரை பூட்சோடு இரண்டு காலையும் தூக்கி அவற்றின்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்து கிடக்கலாம்.

பட்டியலில் உள்ள அந்த வரியில் நாற்காலியைப் பற்றிய சொற்கள் தேக்கு, பிரம்பு ஆகிய இரண்டு மட்டுமே. மற்றவை கதை என்பது என் கருத்து. எந்தத் தோட்டம், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. தேக்கு இந்தத் தீபகற்பத்துக் காடுகளில் தானாக வளர்ந்த மரம் அன்று. அக்காலத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. இன்றோ மத்திய ஜாவாவின் ஜெப்பாராவில் உள்ள பட்டறைகள் இதே வடிவத்தில் தேக்கு நாற்காலிகளைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. ஐந்தாறு ஆண்டுகள் திறந்த தாழ்வாரத்தில் சாரலும் வெயிலும் பட்டுவிட்டால் அவற்றுக்கும் கிழட்டு முகம் வந்துவிடும். ஆகவே காகிதம் காட்டாத வரையில் 900 வெள்ளிக்கு மேல் நான் கேட்கப் போவதில்லை.

தண்ணீர்மலையான்:

அண்ணன் செந்தூல்வாசி அவர்களே, காகிதம் கேட்கிறீர்கள், சரி. அந்தக் காகிதம் யாரிடம் இருந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும். பங்களாவின் சாமான் பட்டியல் கம்பெனி அலுவலகத்தில் இருந்தது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, பங்களாவில் கிடந்தவை கிராணிக்கும் (தோட்ட எழுத்தர்) சமையற்காரருக்கும் லாரி ஓட்டியவருக்கும் கையோடு போயின. அந்தத் துண்டாடலில் வேலையும் குடியிருப்பும் பறிபோனவர்களை முன்னிட்டுத்தான் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். குடும்பங்களே எங்கே போயின என்று எழுதி வைக்காத காலத்தில் ஒரு நாற்காலிக்கு ரசீது எழுதியிருப்பார்களா?

என் தாத்தா விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற தோட்டத்திலும் பங்களா முன்வாசலில் இப்படி ஒன்று கிடந்ததாகச் சொல்வார். அவர் அதன் எதிரே நின்றிருக்கிறார், உட்கார்ந்ததில்லை. நம்மவர் வீட்டில் அப்படியொரு நாற்காலி இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். காகிதம் உள்ளதற்கே விலை என்று விதித்தால், சீமைக்குத் திரும்பிய துரையின் பேரப்பிள்ளை வைத்திருக்கும் நாற்காலி ஒன்றே உண்மையானது என்றாகிவிடும்.

பிரம்புக்கை:

நாற்பது ஆண்டுகளாக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இருவரும் நாற்காலியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வாதாடுகிறீர்கள். அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய கைப்பின்னல் என்றால் சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் பிரம்பை விட்டு இழுத்துப் பின்னியிருப்பார்கள். இப்போது பலரும் செய்வது வேறு: இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளை வாங்கி, சட்டத்தில் வெட்டிய காடிக்குள் அதன் ஓரத்தை அமுக்கி, மேலே ஒரு பிரம்புக் குச்சியை அடித்துப் பசை போட்டுவிடுவார்கள். துளை இல்லாமல் காடி மட்டும் இருந்தால் 1910 என்ற பேச்சு எனக்குச் சந்தேகம்தான். துளைகளை அடைத்துவிட்டுப் பின்னாளில் காடி வெட்டியவர்களும் உண்டு. அடைத்த வட்டங்கள் அடிப்பக்கத்தில் தெரியும். பிரம்பு புதிதாக இருப்பதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். புழங்கும் நாற்காலியில் பிரம்பு தளர்வதும் மாற்றுவதும் இயல்பு.

திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டிய தலை என்றால் அது 1930களுக்குப் பின் வந்தது. ஆனால் ஒரு திருகாணியை மாற்றியதாலேயே நாற்காலி புதிதாகிவிடாது. ஆணியை எடுத்துத் துளைக்குள் துரு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. சுழலும் பலகை அச்சில் உராய்ந்து எந்த அளவு தேய்ந்திருக்கிறது, குதிகால் படும் இடம் குழிந்திருக்கிறதா, பின்கால்களின் அடி ஒரே சீராக இல்லாமல் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய தோற்றம் வர வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் எல்லா முனைகளையும் ஒரே மாதிரி தேய்த்திருப்பான். மனிதன் அப்படி உட்காருவதில்லை.

யார் வாங்கினாலும் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்குப் போனதும் மினுமினுக்கும் பாலியூரித்தேன் வார்னிஷை அடித்துவிடாதீர்கள். பழைய அரக்குப் பூச்சை எரிசாராயம் தொட்டு இளக்கி மறுபடி சீராக்கலாம். வார்னிஷைச் சுரண்ட வேண்டி வந்தால் மரத்தின் பழைய நிறமும் அதோடு போய்விடும்.

செந்தூல்வாசி:

ஐயா பிரம்புக்கை எழுதியதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டேன்.

தண்ணீர்மலையானுக்கு: உண்மையான கதைகள் பலவற்றுக்குக் காகிதம் இல்லை என்பதை ஏற்கிறேன். அதனால் காகிதம் இல்லாத கதைகளெல்லாம் உண்மை என்று ஆகாதல்லவா? உங்கள் தாத்தாவின் நினைவு உங்களுடையது. ஏலக்காரர் எழுதிய வரி அவருடைய சரக்கு. நம்மைப் போன்றவர்கள் அந்த நினைவோடு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கணக்கையும் பாருங்கள். இந்த ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் 18 விழுக்காடு வாங்குபவர் கட்டணம். 2,400 வெள்ளிக்கு முடிந்தால் 432 சேர்ந்து 2,832 ஆகும். கோலாலம்பூருக்கு லாரிச் செலவு தனி.

ஓய்வாசிரியை, புக்கிட் மெர்தாஜம்:

கதையை நம்பி வாங்கி ஏமாந்தவள் நான் என்பதால் குறுக்கிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் பெரணி இலையும் பிளாக்பெர்ரிக் கொடியும் படர்ந்தது போன்ற வார்ப்புத் தோட்ட இருக்கை ஒன்றை, "இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் வார்ப்பாலையில் இரும்பில் வார்த்தது, மாஜிஸ்திரேட் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது" என்று சொல்லி விற்றார்கள். அந்த வடிவம் 1858இல் பதிவானது என்பது உண்மைதான். பின்புறத்தில் சாய்சதுர முத்திரையும் இருந்தது. இங்கிலாந்தில் 1842 முதல் 1883 வரை வடிவப் பதிவுக்கு வைத்த குறி அது. அதன் மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் பதிவான நாளைச் சொல்லும். மகிழ்ந்து போய் வாங்கி வந்தேன்.

வீட்டில் அதை இறக்கிய பையன்கள் இருவரும் சிரமமே இல்லாமல் தூக்கி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. முழுவதும் அலுமினியம். பழைய இருக்கையையே அச்சாக மணலில் பதித்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்து பதியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படிப் பதிந்த எழுத்துகள் மழுங்கியிருக்கும். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், அலுமினியம் அதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும் என்பதால் போலியின் அளவும் மூலத்தைவிடச் சிறுத்துவிடும். இந்தப் பட்டியலின் 31ஆம் உருப்படியும் அதே பெரணி வடிவம்தான். கேட்க நினைப்பவர்கள் காந்தமும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டினாலும் அவசரப்பட வேண்டாம். இரும்பிலேயே போலி வார்க்கிறார்கள்.

காப்பிக்கடை:

19ஆம் உருப்படி, ஆறு வளைமர நாற்காலிகள், "தோனெட்" என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

பிரம்புக்கை:

இருக்கை வளையத்தின் உட்புறத்தில் ஒட்டிய சீட்டோ, சுட்டுப் பதித்த பெயரோ இருந்தால் நம்பலாம் தம்பி. மைக்கேல் தோனெட் வியன்னாவிலிருந்து 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு அடங்கும். கடல் கடந்து அது எங்கும் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவருடைய காப்புரிமை 1869இல் முடிந்துவிட்டதால், பிறகு ஐரோப்பாவில் பல ஆலைகள் அதே வடிவத்தைச் செய்து தள்ளின. நம் ஊர்க் காப்பிக்கடைகளில் பளிங்கு மேசையைச் சுற்றிக் கிடந்தவற்றை எல்லாம் தோனெட் என்று சொல்ல முடியாது. ஆறுமே ஒரே ஆலையினுடையவையா என்றும் பாருங்கள். மூன்று கடைகள் மூடியபோது சேர்த்த நாற்காலிகளை ஒரே தொகுப்பு என்று விற்பதுண்டு.

தண்ணீர்மலையான்:

ஆசிரியை அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தம் தருகிறது. ஆனால் அந்த அனுபவம் என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. முத்திரை இருந்தது, பதிவு எண் இருந்தது, ஆண்டும் இருந்தது. அத்தனை சான்றும் இருந்தும் பொருள் போலி. சான்றையும் மணலில் வார்க்க முடியும் என்றால், காகிதத்தை அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்?

இன்னொன்று, அண்ணனுக்கு நேரடியாக. அதே பட்டியலில் 27ஆம் உருப்படி, "தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நீள பெஞ்சு, செங்கால் மரம்" (நம் நாட்டுக் கடின மரம்), 200 முதல் 300 வெள்ளி. அதை வாங்கப் போவதாகத் தனிச்செய்தியில் எனக்கு எழுதினீர்கள். அதற்கும் எந்தப் பள்ளி என்ற குறிப்பு இல்லையே. பெஞ்சின் கதையை நம்புகிறவர் நாற்காலியின் கதையை மட்டும் ஏன் குறுக்கு விசாரணை செய்கிறீர்கள்?

செந்தூல்வாசி:

நியாயமான கேள்வி. தனிச்செய்தியைச் சபைக்குக் கொண்டுவந்ததை மன்னிக்கிறேன்.

அந்த வரியில் பள்ளிக்கூடத்தை அடித்துவிட்டாலும் நான் 300 வெள்ளி கொடுப்பேன். எட்டடி நீளத்துக்கு ஒரே பலகையாகச் செங்கால் மரம் இன்று மரக்கடையில் அந்த விலைக்குக் கிடைக்காது. கதை பொய்யானாலும் எனக்குப் பலகை மிஞ்சும். நாற்காலியில் கதையைக் கழித்துவிட்டால் மதிப்பீட்டில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடுகிறது. உண்மையைச் சொல்வதானால், அந்த பெஞ்சில் யாரோ பேனாக்கத்தியால் தமிழில் ஒரு பெயரைக் கீறி வைத்திருப்பது படத்தில் மங்கலாகத் தெரிகிறது. அது என்னைச் சற்று ஆட்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதற்காக 301 வெள்ளி கொடுக்க மாட்டேன்.

செந்தூல்வாசி (பார்வை நாளுக்குப் பின்):

நேற்று பினாங்கு சென்று அனைத்தையும் நேரில் பார்த்தேன். 31ஆம் உருப்படியில் காந்தம் ஒட்டியது. ஆனால் இலை நரம்புகள் சோப்புக்கட்டியில் வெட்டியவை போல மழுங்கியிருந்தன, நான் விட்டுவிட்டேன். வளைமர நாற்காலிகள் ஆறில் நான்கில் சீட்டோ சுட்ட பெயரோ இல்லை, இரண்டில் வேறு வேறு ஆலைகளின் பெயர்கள். இரண்டிலும் தோனெட் இல்லை.

துரை நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கப் பணியாளர் முதலில் தயங்கினார். பிறகு அவரே பிடித்துக்கொண்டார். துளை போட்ட சட்டம். அடிப்பக்கம் வார்னிஷ் படாமல் உலர்ந்து கறுத்திருந்தது. இடது பலகை அச்சில் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது. வலது பலகையில் அந்தத் தேய்மானம் இல்லை, அதன் திருகாணியும் கூட்டல் குறித் தலை உடையது. ஜெப்பாராப் புதுச்சரக்கு என்ற என் ஐயத்தைத் திரும்பப் பெறுகிறேன். தோட்டம் எது என்று கேட்டதற்கு, "கொண்டுவந்தவர் அப்படித்தான் சொன்னார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. என் வரம்பை 900இலிருந்து 1,200ஆக உயர்த்தியிருக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

செந்தூல்வாசி (ஏலத்துக்குப் பின்):

27ஆம் உருப்படி 260 வெள்ளிக்கு எனக்கு முடிந்தது. 23 என் வரம்பைக் கடந்து ஓடி, தொலைபேசியில் கேட்ட ஒருவருக்கு 2,100க்குப் போயிற்று. எட்டடி பெஞ்சைச் செந்தூலுக்குக் கொண்டுவர நியாயமான கூலிக்கு லாரி யாருக்காவது தெரியுமா?

தண்ணீர்மலையான்:

தொலைபேசியில் கேட்டவன் நான்தான். நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது.

மறைக்க விரும்பவில்லை என்பதால் எழுதுகிறேன். பிரம்புக்கை ஐயா சொன்னபடி பலகைகளைக் கழற்றினேன். எத்தனையாவது நாற்காலியின் பாகம் என்று தச்சர் உளியால் கோடு போட்ட அடையாளம் உள்ளே இருக்கிறது. சட்டத்திலும் இடது பலகையிலும் நான்கு கோடுகள். வலது பலகையில் இரண்டு. ஒரே வரிசையில் செய்த வேறொரு நாற்காலியின் பலகையை எடுத்து இதில் பின்னாளில் மாட்டியிருக்கிறார்கள். ஆக, குறைந்தது நான்கு நாற்காலிகள் ஒன்றாக இருந்த இடத்திலிருந்து வந்தது என்பது தெரிகிறது. அது பங்களாவாகவும் இருக்கலாம், கிளப்பாகவும் இருக்கலாம், ஓட்டலாகவும் இருக்கலாம்.

பிரம்புக்கை:

இரண்டு கோட்டுப் பலகையை மாற்றிவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். பிரம்பின் பின்னல் முன் ஓரத்தில் தளர்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஈரத்துணி போட்டுப் பாருங்கள், இறுகவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள்.

செந்தூல்வாசி:

2,100 கொடுத்தது அதிகம் என்றே இன்னமும் சொல்வேன். அந்தக் கோடுகளை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி.

தண்ணீர்மலையான்:

நாளை போடுகிறேன். வெள்ளிக்கிழமை என் மச்சானின் லாரி காலியாகக் கோலாலம்பூர் போகிறது. எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்துகொண்டால் பெஞ்சை ஏற்றிவிடச் சொல்கிறேன், அண்ணன்.