ஜன்னல் வெளிச்சத்தில் மகளின் படம்: பாதி முகம் நீலம், பாதி ஆரஞ்சு

கேள்வி:
வணக்கம். நான்கு வயது மகளை ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து, ஃப்ளாஷ் போடாமல் நாற்பது படமாவது எடுத்திருப்பேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 400 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு). ஜன்னல் பக்கக் கன்னம் நீலம் அடிக்கிறது, மறுபக்கம் ஆரஞ்சு. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) எப்படி நகர்த்தினாலும் ஒரு பக்கம் சரியானால் இன்னொன்று கெடுகிறது. எடிட்டிங்கில் நிழலைத் தூக்கி (இருண்ட பகுதியை வெளிச்சமாக்கி), தோலை வழவழப்பாக்கிப் பார்த்தேன், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். சிரிக்கும்போது அவள் மூக்கில் விழும் சுருக்கத்துக்காகத்தான் எடுத்ததே, அதைக் காணவில்லை. எடிட்டிங்கில் என்ன தப்பு செய்கிறேன்?

பதில் 1:
எடிட்டிங்குக்கு முன்னாடியே தப்பு நடந்துவிட்டது. அறையில் பல்ப் எரிந்ததா? வீட்டு மஞ்சள் பல்ப் 2700 கெல்வின் (ஒளியின் நிற அளவு, குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்) சுமாருக்கு இருக்கும், நேர் வெயில் இல்லாத ஜன்னல் வெளிச்சம் 6000-க்கு மேல்கூடப் போகும். ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர் படம் முழுவதையும் ஒரே அளவுக்குத்தான் நகர்த்தும், இரண்டையும் சேர்த்துச் சரிக்கட்ட அதால் முடியாது. விளக்கை அணைத்துவிடுங்கள். நிழல் பக்கம் இருட்டாகத் தெரிந்தால் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை நாற்காலி முதுகில் விரித்து அந்தக் கன்னத்துக்குக் கிட்டே வையுங்கள், ஜன்னல் வெளிச்சமே அதில் பட்டுத் திரும்பி வரும். கலர் துணி வேண்டாம், நீங்கள் சிவப்புச் சட்டையோடு பக்கத்தில் நின்றால்கூட அந்தச் சாயம் முகத்தில் ஏறும். அப்புறம், முகம் கொஞ்சம் ஜன்னலை நோக்கித் திரும்பியிருக்கட்டும். இரண்டு கருவிழியிலும் ஜன்னல் சின்னதாக வெள்ளையாய்த் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், அது இல்லாவிட்டால் கண்ணில் உயிர் இருக்காது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஓடியாடும் பிள்ளைக்கு 1/60 போதவே போதாது, 1/250 வையுங்கள். அதே எஃப் 1.8-இல் ஐஎஸ்ஓ 1600 ஆகும், ஆகட்டும். ஐஎஸ்ஓ ஏறினால் வரும் நாய்ஸை, அதாவது புள்ளிப்புள்ளியான இரைச்சலை, எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்து மங்கிய கண்ணை மீட்கவே முடியாது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 என்றால் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், மூக்கு நுனியில் ஃபோகஸ் உட்கார்ந்தால் கண் போச்சு. ஃபோகஸை உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணில் வையுங்கள், முடிந்தால் இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கி எடுங்கள், தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். பிறகு கிராப் செய்யலாம் (ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்).

பதில் 3:
எடிட்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன். ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுங்கள். முதலில் எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்), அடுத்து ஒயிட் பேலன்ஸ், நிழலைக் கொஞ்சமாகத் தூக்குவது, அவ்வளவு போதும். தோலை வழவழப்பாக்கும் ஸ்லைடரைத் தொடவே தொடாதீர்கள், குழந்தைக்கு அது எதற்கு? ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடும் கீறல், கொசுக்கடித் தடிப்பு இவற்றை மட்டும் நான் எடுப்பேன். மச்சம், சுருக்கம், கலைந்த முடி எல்லாம் அவளுடையது.

கேட்டவர்:
ஆமாம், பின்னால் பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது! இன்று காலை அணைத்துவிட்டு எடுத்தேன். நாற்காலியில் போட்ட பெட்ஷீட்டை அவள் இழுத்துத் தலையில் கூடாரமாகப் போர்த்திக்கொண்டாள், அதிலிருந்து எட்டிப் பார்த்தபோது கிளிக் செய்தேன். துணியின் வெள்ளையே இரண்டு கன்னத்துக்கும் வெளிச்சம் கொடுத்திருக்கிறது, நீலமும் இல்லை ஆரஞ்சும் இல்லை. எக்ஸ்போஷரை மட்டும் ஒரு புள்ளி ஏற்றினேன். மூக்கில் மூன்று சுருக்கம், எண்ண முடிகிறது.